டேக் ஆன் மீ: மூன்று முறை வெளிவந்து வென்ற பாட்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருடைய பாட்டு?

நார்வே நாட்டின் அ-ஹா குழுவுடையது. 1982இல் ஆஸ்லோவில் தொடங்கிய குழு. மூன்றே பேர்: பாடகர் மார்ட்டன் ஹார்கெட், கீபோர்டு வாசிக்கும் மாக்னே ஃபுரூஹோல்மென், கிதார் வாசிக்கும் போல் வாக்தார். பாட்டின் உரிமையிலும் இந்த மூவரின் பெயர்களே இருக்கின்றன. பாடும் மொழி ஆங்கிலம் என்பதால் பலர் இவர்களைப் பிரிட்டன் குழு என்று நினைத்துக்கொள்கிறார்கள். லண்டனில் வாழ்ந்தார்கள், அங்கே பதிவு செய்தார்கள், அவ்வளவுதான்.

அந்த கீபோர்டு மெட்டு எப்போது பிறந்தது?

அ-ஹாவுக்கும் முன்பே. ஃபுரூஹோல்மெனும் வாக்தாரும் பள்ளிப் பருவத்திலிருந்து சேர்ந்து வாசித்தவர்கள். பிரிட்ஜஸ் என்ற பெயரில் ஒரு குழு வைத்திருந்தார்கள். 1980இல் சொந்தமாக ஒரு இசைத்தட்டும் போட்டார்கள். அந்தக் காலத்திலேயே இந்த மெட்டு அவர்கள் கையில் இருந்தது. சூயிங் கம் விளம்பரம் மாதிரி இருக்கிறதென்று அவர்களே அதற்கு ஜூசி ஃப்ரூட் பாட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். தங்கள் குழுவின் கனமான பாணிக்கு இது லேசாக இருக்கிறது என்ற தயக்கம். ஹார்கெட் வந்து சேர்ந்த பிறகுதான் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். இடையில் ‘லெசன் ஒன்’ என்ற பெயரில் வேறு வரிகளோடும் ஒரு வடிவம் இருந்தது. பல்லவியின் மேலே ஏறிப்போகும் வடிவம் ஹார்கெட்டின் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்த பிறகு அமைந்தது. அவர் இல்லாமல் அந்தப் பல்லவி இல்லை.

ஒப்பந்தம் எப்படிக் கிடைத்தது?

1983 தொடக்கத்தில் மூவரும் லண்டன் போனார்கள். தெற்கு லண்டனில் சிடன்ஹாம் பகுதியில் ஜான் ராட்க்ளிஃப் நடத்திய ரான்டேவூ என்ற சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதிரிப் பதிவுகள் செய்தார்கள். ராட்க்ளிஃப் வழியாக டெரி ஸ்லேட்டர் மேலாளராக வந்தார். வார்னர் நிறுவனத்தின் லண்டன் அலுவலகத்தில் இருந்த ஆண்ட்ரூ விக்கம் இவர்கள் மேல் நம்பிக்கை வைத்தார். அந்த ஆண்டின் கடைசியில் கையெழுத்தானது. பாட்டு ஒரு முறை தோற்ற பிறகும் நிறுவனம் கைவிடாமல் மறுபடி செலவு செய்ததற்கு விக்கமின் பிடிவாதம் ஒரு முக்கியக் காரணம்.

எத்தனை முறை வெளிவந்தது? ஒவ்வொன்றும் வேறு பதிவா?

இங்கேதான் பெரும்பாலான கட்டுரைகள் குழப்புகின்றன. வெளியீடு மூன்று, பதிவு இரண்டு.

முதல் வெளியீடு 1984 இலையுதிர் காலத்தில். தயாரித்தவர் டோனி மான்ஸ்ஃபீல்ட். பிரிட்டனில் 137ஆம் இடம் வரைதான் போனது. நார்வேயில் மட்டும் 3ஆம் இடம்.

இரண்டாவது வெளியீடு 1985இன் முற்பகுதியில், பிரிட்டனில். இப்போது தயாரிப்பாளர் ஆலன் டார்னி. பாட்டு முழுதாக மறுபதிவு செய்யப்பட்டது. இன்று நாம் கேட்பது இதுதான். ஆனாலும் அப்போது விற்கவில்லை.

மூன்றாவது, அதே டார்னி பதிவு, பென்சில் ஓவிய வீடியோவுடன். அமெரிக்காவில் 1985 கோடையில் ஏறத் தொடங்கியது. பிரிட்டனில் செப்டம்பரில் மறுபடி வெளியிட்டார்கள். வெற்றி இதற்குத்தான்.

ஆகவே “புதுப் பதிவு வந்ததும் ஹிட் ஆனது” என்பது பாதிதான் சரி. புதுப் பதிவும் ஒருமுறை தோற்றது. “வீடியோ மட்டுமே காரணம்” என்பதும் பாதிதான். 1984 பதிவுக்கும் ஒரு வீடியோ இருந்தது; நீலப் பின்னணியில் குழு பாடும், ஆடுபவர்கள் வருவார்கள். அது எதையும் அசைக்கவில்லை. நல்ல பதிவும் அதற்கேற்ற படமும் ஒரே நேரத்தில் கடைக்குப் போனது மூன்றாவது முறைதான்.

முதல் பதிவில் என்ன குறை?

மான்ஸ்ஃபீல்ட் திறமைசாலி, ஃபேர்லைட் என்ற கணினி வழி இசைக்கருவியைக் கையாள்வதில் கைதேர்ந்தவர். ஆனால் அந்தக் கருவியின் தட்டையான, இயந்திரத்தனமான ஒலி இந்தப் பாட்டுக்குப் பொருந்தவில்லை என்பது எங்கள் கணிப்பு. குழுவினரும் அதில் முழுத் திருப்தி அடையவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 1984 பதிவில் மெட்டு, வரிகள், பாடகர் எல்லாம் அதேதான். ஆனால் பல்லவி வரும்போது பாட்டு விரிவதில்லை. சரணத்துக்கும் பல்லவிக்கும் ஒலியளவில் வேறுபாடு குறைவு. குரல் மேலே ஏறும்போது பின்னணியும் சேர்ந்து ஏறினால்தான் கேட்பவருக்குச் சிலிர்க்கும். அந்த ஏற்றம் முதல் பதிவில் கிடைக்கவில்லை.

டார்னி என்ன செய்தார்?

குழுவின் பழைய மாதிரிப் பதிவைக் கேட்டு, அதில் இருந்த உயிரை விட்டுவிடாமல் ஒலியை மட்டும் நிறைவாக்கினார். பாட்டு டிரம் மெஷினில் தொடங்கும். லின்டிரம் என்ற, நிஜ டிரம் ஒலிகளைப் பதிந்து வைத்த கருவி. அடுத்து பேஸ் வரும். அதன் பிறகே அந்த மெட்டு. மெட்டுக்கு ரோலண்ட் ஜூனோ-60. யமஹா டிஎக்ஸ்7, பிபிஜி வேவ் ஆகிய சிந்தசைசர்களும் பதிவில் உண்டு. சிந்தசைசர் பாட்டு என்று பெயர் வாங்கினாலும் அடியில் அக்கூஸ்டிக் கிதார் ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால்தான் தெரியும். அந்தக் கிதாரை எடுத்துவிட்டால் பாட்டின் ஓட்டம் பாதி போய்விடும்.

வீடியோவை எடுத்தவர்கள் யார்? எப்படி?

இயக்குநர் ஸ்டீவ் பாரன். ஓவிய அசைவு மைக்கேல் பேட்டர்சன், கேண்டஸ் ரெக்கிங்கர் இருவருடையது. வார்னரின் அமெரிக்க அலுவலகத்தில் படப்பிரிவைப் பார்த்துக்கொண்ட ஜெஃப் ஏயராஃப் இந்த முயற்சிக்குப் பின்னால் நின்றார். பேட்டர்சன் மாணவராக எடுத்த ஒரு குறும்படத்தின் பென்சில் கோட்டுப் பாணிதான் இதற்கு விதை.

லண்டனில் ஒரு சிற்றுண்டிக் கடையிலும் படப்பிடிப்பு அரங்கிலும் எடுத்தார்கள். கடை, தெற்கு லண்டனில் வாண்ட்ஸ்வொர்த் சாலையில் இருந்தது. சித்திரக்கதை படிக்கும் பெண்ணாக வருபவர் பன்ட்டி பெய்லி. சித்திரக்கதையில் உள்ள வீரன் அவளைப் பார்த்துக் கண்ணடிக்கிறான், கை நீட்டுகிறான், அவள் காகிதத்துக்குள் போகிறாள். மூன்றே முக்கால் நிமிடத்தில் தொடக்கமும் ஆபத்தும் முடிவும் கொண்ட ஒரு கதை. அந்தக் காலத்துப் பாட்டு வீடியோக்களில் பெரும்பாலானவை குழு நின்று பாடுவதையே காட்டின. இதில் கதையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

ஏறக்குறைய 3,000 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) கையால் வரையப்பட்டன. அதற்கு ஆன காலம் 16 வாரம்.

இந்த முறைக்கு என்ன பெயர்? நாமும் செய்யலாமா?

ரோட்டோஸ்கோப்பிங். முதலில் நடிகர்களை வைத்து நிஜமாகப் படம் பிடிப்பார்கள். பிறகு ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி, அதன் மேல் தாளை வைத்து வரைவார்கள். வரைந்த தாள்களை வரிசையாகப் படம் பிடித்தால் ஓவியம் மனிதரைப் போலவே அசையும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு: 10 விநாடிக் காட்சிக்கு மேல் முதல் முறையே போகாதீர்கள். விநாடிக்கு 24 சட்டம் என்று எடுத்தால் 10 விநாடிக்கு 240 படம். ஒன்றுவிட்டு ஒன்று வரைந்து ஒவ்வொன்றையும் இரண்டு சட்டத்துக்கு நிறுத்தினால் 120 போதும். கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து பலமாக விழும்படி எடுங்கள். நிழல் தெளிவாக இருந்தால்தான் பென்சிலில் கோடு போட இடம் கிடைக்கும்.

வழக்கமாகக் கெடுவது இரண்டு இடங்களில். ஒன்று, தாள் நகர்ந்துவிடுவது. தாளின் ஓரத்தில் துளையிட்டு ஒரே முளையில் மாட்ட வேண்டும். இல்லையென்றால் உருவம் முழுக்கக் குதிக்கும். கணினித் திரையில் அடுக்கடுக்காக வரைபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. இரண்டு, ஒவ்வொரு படத்தையும் அளவுக்கு மீறித் துல்லியமாக வரைவது. கோடு கொஞ்சம் மாறிக்கொண்டே இருந்தால்தான் பென்சில் உயிரோடு துடிப்பதுபோல் இருக்கும். இந்த வீடியோவின் அழகே அந்தத் துடிப்பு. முகத்தின் எல்லைக்கோட்டை மட்டும் கவனமாகப் பிடித்துக்கொண்டு நிழலுக்கான கோடுகளைத் தாராளமாக விடுங்கள்.

அமெரிக்காவில் எப்படி ஏறியது?

பில்போர்டு என்ற அமெரிக்க இசை இதழின் ஹாட் 100 பட்டியலில் 1985 ஜூலை 13 தேதியிட்ட இதழில் 91ஆம் இடத்தில் நுழைந்தது. அக்டோபர் 19 தேதியிட்ட இதழில் முதலிடம். அதாவது 15ஆவது வாரத்தில். முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். அடுத்த வாரம் விட்னி ஹூஸ்டன் வந்துவிட்டார். மொத்தம் 27 வாரம் பட்டியலில் இருந்தது. அந்த ஆண்டு முழுவதுக்குமான பில்போர்டு பட்டியலில் 10ஆம் இடம். நார்வே குழு ஒன்று அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை.

ஒரு வாரம்தானே என்று குறைத்து நினைக்க வேண்டாம். 15 வாரம் ஏறுவதென்றால் ஊர் ஊராக, வானொலி வானொலியாகப் பரவியிருக்கிறது என்று பொருள். ஆண்டுப் பட்டியலில் 10ஆம் இடம் கிடைத்ததும் இந்த நீண்ட நடையால்தான்.

அன்றைக்கு ஹாட் 100ஐ எப்படிக் கணக்கிட்டார்கள்?

இரண்டு ஊற்றுகள்: கடைகள் சொல்லும் விற்பனை, வானொலி நிலையங்கள் சொல்லும் ஒலிபரப்பு. கவனிக்கவும், “சொல்லும்”. கடைக்காரரிடம் எது நன்றாகப் போகிறது என்று கேட்டு வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொரு இசைத்தட்டையும் எண்ணவில்லை. பட்டைக்குறியீட்டை வருடி எண்ணும் முறையும் வானொலியை இயந்திரம் கண்காணிக்கும் முறையும் ஹாட் 100க்கு 1991 கடைசியில்தான் வந்தன. ஆகவே 1985இன் முதலிடத்தையும் 2005இன் முதலிடத்தையும் ஒரே தராசில் வைத்து “எது பெரிய ஹிட்” என்று விவாதிப்பதில் பயனில்லை.

தொலைக்காட்சியில் வீடியோ எத்தனை முறை ஓடியது என்பது அன்றைய கணக்கில் நேரடியாகச் சேராது. எம்டிவியில் பார்த்தவர்கள் கடைக்குப் போய்க் கேட்டார்கள், வானொலிக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். அந்த வழியாகத்தான் வீடியோ பட்டியலுக்குள் நுழைந்தது.

பிரிட்டனில் ஏன் முதலிடம் கிடைக்கவில்லை?

ஜெனிஃபர் ரஷ் பாடிய ‘தி பவர் ஆஃப் லவ்’ வழியில் நின்றது. அது ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டு பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிளும் (தனிப்பாட்டு வெளியீடு) அதுதான். ‘டேக் ஆன் மீ’ செப்டம்பர் கடைசியில் 55இல் நுழைந்து, அக்டோபர் பிற்பகுதியில் 2ஆம் இடத்துக்கு வந்து, மூன்று வாரம் அங்கேயே நின்றது. வேறொரு மாதமாக இருந்திருந்தால் முதலிடம் உறுதி என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்த ஏமாற்றம் நீடிக்கவில்லை. அடுத்த சிங்கிள் ‘தி சன் ஆல்வேஸ் ஷைன்ஸ் ஆன் டிவி’ 1986 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதன் வீடியோ, முந்தைய வீடியோவின் கதை முடிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. வீரன் மறுபடி பென்சில் கோடாக மாறிவிடுகிறான்.

பிரிட்டன் பட்டியல் 75 இடம்தானே? 137 எங்கிருந்து வந்தது?

நல்ல கேள்வி. 1983 தொடக்கத்திலிருந்து பிரிட்டன் பட்டியலைத் தயாரித்தது கேலப் நிறுவனம். தேர்ந்தெடுத்த கடைகளில் கணினிக் கருவி வைத்து விற்பனையை எண்ணினார்கள். அதிகாரபூர்வமாகக் கொண்டாடப்பட்டது முதல் 75. ஆனால் எண்ணிக்கை அதற்குக் கீழேயும் எடுக்கப்பட்டு, இசை வணிகத்தில் இருப்பவர்களுக்குப் போகும். 137 அங்கிருந்து வந்த எண். அதைப் “பட்டியலில் 137ஆம் இடம் பிடித்தது” என்று பெருமையாக எழுதுவது பொருந்தாது. முதல் வெளியீடு பட்டியலுக்குள் வரவில்லை என்பதே சரியான வாக்கியம்.

மற்ற நாடுகளில்?

மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, பெல்ஜியம், ஸ்வீடன், இத்தாலி, ஆஸ்திரேலியா: முதலிடம். ஜெர்மனியில் ஐந்து வாரம். நார்வேயில் 1984இல் 3ஆம் இடத்தோடு நின்ற பாட்டு, 1985 பதிவில் முதலிடத்துக்கு வந்தது. ஐரோப்பா முழுவதற்குமான யூரோசார்ட் பட்டியலிலும் முதலிடம்.

“36 நாடுகளில் முதலிடம்” என்கிறார்களே, உண்மையா?

விளம்பரத்தில் அடிக்கடி வரும் எண் இது. நாங்கள் அதை எழுதும் இடங்களில் தவிர்க்கிறோம். ஒரு நாட்டில் முதலிடம் என்று சொல்ல வேண்டுமானால் மூன்று விஷயம் வேண்டும்: பட்டியலின் பெயர், தேதி, எத்தனை வாரம். இந்த மூன்றும் கிடைக்கும் நாடுகளைச் சொன்னாலே இந்தப் பாட்டின் பெருமை போதுமான அளவு தெரிகிறது. 1985இல் பல நாடுகளில் முறையான விற்பனைப் பட்டியலே கிடையாது. வானொலி நேயர் விருப்பப் பட்டியலையும் சேர்த்து எண்ணினால் எண்ணிக்கை எவ்வளவுக்கும் போகும். மொத்த விற்பனை “70 லட்சம்”, “90 லட்சம்” என்று சுற்றும் எண்களையும் இதே கண்ணோடு பாருங்கள்.

விருதுகள்?

1986 எம்டிவி வீடியோ விருதுகளில் ஆறு: இயக்கம், சிறப்புக் காட்சி, கருத்தாக்கம், புதுமைச் சோதனை, புதுக் கலைஞர், பார்வையாளர் தேர்வு. சிறந்த குழு வீடியோ, ஆண்டின் சிறந்த வீடியோ ஆகிய இரண்டு விருதுகள் மட்டும் கைநழுவின. கிராமியில் சிறந்த புதுக் கலைஞர் பிரிவில் பரிந்துரை. விருது சாடேவுக்குப் போனது.

அந்த மெட்டை கீபோர்டில் எப்படி வாசிப்பது?

ஸ்கேல் ஏ மேஜர். நம் கணக்கில் 6 கட்டை, ஸ்வரங்கள் சங்கராபரணத்தினுடையவை. நான்கு பார் (தாளப் பகுதி), ஒவ்வொன்றிலும் எட்டு அரைத்தட்டு. கோடு வரும் இடத்தில் விரலை எடுத்துவிட வேண்டும். நட்சத்திரக் குறி மேல்ஸ்தாயி.

த த ம ரி – ரி – ப
– ப – ப நி நி ச\* ரி\*
ச\* ச\* ச\* ப – ம – த
– த – த ப ப த ப

32 இடம், 24 ஸ்வரம், 8 மௌனம். வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 169 தட்டு. அதாவது இந்த நான்கு வரியும் ஆறு விநாடிக்குள் முடிந்துவிடும். கீழே வரும் கார்டுகள் பி மைனர், இ, ஏ, டி.

எல்லோரும் தடுக்கி விழுவது மௌனங்களில்தான். ஸ்வரம் மனப்பாடமானதும் விரல் வேகமாக ஓடி, இடைவெளியை விழுங்கிவிடும். மெட்டு டிரம்முக்கு முன்னால் போய்விடும். முதலில் 80 தட்டு வேகத்தில் மெட்ரோனோம் வைத்து, மௌனம் வரும் இடங்களில் வாயால் “ம்” என்று சொல்லிக்கொண்டே வாசியுங்கள். சரியாக உட்கார்ந்த பிறகு பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். இரண்டாம், நான்காம் வரிகள் மௌனத்தில் தொடங்குகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தத் துள்ளல் அங்கிருந்துதான் வருகிறது.

ஆர்ப்பெஜியேட்டர் பொத்தானை அழுத்தி இதைக் கொண்டுவர முயல்பவர்கள் உண்டு. வராது. ஆர்ப்பெஜியேட்டர் சம இடைவெளியில் கார்டைப் பிரித்து வாசிக்கும். இந்த மெட்டின் இடைவெளிகள் சமமாக இல்லை.

அந்த ஒலியை இன்றைய கருவியில் எப்படிப் பெறுவது?

ஜூனோ-60 ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரம் ஒலிக்கும் அனலாக் கருவி. அதன் சாயலில் மென்பொருள்கள் ஏராளம். பற்களைப் போன்ற சா அலையை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் உடனடியாக இருக்கட்டும். விரலை எடுத்ததும் ஒலி சட்டென்று அடங்கட்டும். ஃபில்டரைப் பாதிக்கு மேல் திறந்து வையுங்கள். கோரஸ் விளைவைக் கட்டாயம் போடுங்கள். ஜூனோவின் அடையாளமே அது. இன்னொன்று: ஜூனோ-60இல் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடாது, குறையாது. ஆகவே உங்கள் கீபோர்டில் வெலாசிட்டியை அணைத்துவிடுங்கள், அல்லது எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே அளவு வையுங்கள். இதைச் செய்யாமல் எத்தனை ஒலி மாற்றினாலும் மூலப் பதிவு போலக் கேட்காது. ஒலி மந்தமாக இருந்தால் மேலே மணி போன்ற ஒரு டிஎக்ஸ்7 வகை ஒலியை மெல்லச் சேர்த்துப் பாருங்கள்.

பல்லவியைப் பாடினால் ஏன் குரல் உடைகிறது?

வீச்சு அப்படி. பல்லவியின் முதல் சொல்லில் ஏ2 என்ற கீழ்ச் ஸ்வரம், முடிவில் ஈ5. ஸ்வரமாகச் சொன்னால் மந்திர ஸ்தாயி ஷட்ஜத்திலிருந்து தார ஸ்தாயி பஞ்சமம் வரை, இரண்டரை ஸ்தாயிக்கும் கொஞ்சம் கூட. ஹார்கெட் உச்சத்தை நெஞ்சுக் குரலில் பாடவில்லை; கள்ளக் குரலுக்கு (ஃபால்செட்டோ) மாறிவிடுகிறார். மாறும் இடம் தெரியாமல் மாறுவதுதான் அவருடைய திறமை.

மேடையில் நடப்பது இது. உச்சத்துக்குப் பயந்து ஸ்கேலைக் குறைக்கிறார்கள். உடனே கீழ்ச் ஸ்வரம் காணாமல் போகிறது. மைக்கில் வெறும் காற்று. பெண்கள் பாடும்போது ஸ்கேலைக் கூட்டுகிறார்கள். ஐந்து அரைச்சுரம் கூட்டினால் உச்சம் ஏ5க்குப் போய்விடுகிறது. ஸ்கேலை மாற்றி இந்தப் பாட்டை வெல்ல முடியாது. செய்யக்கூடியது: கீழ்ச் ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே எடுத்துப் பாடுங்கள், மற்றதை அப்படியே வையுங்கள். கேட்பவர்கள் கவனிப்பது பல்லவியின் முடிவைத்தான், தொடக்கத்தை அல்ல. உச்சத்துக்கு இரண்டு ஸ்வரம் முன்பே கள்ளக் குரலுக்கு மாறிவிடுங்கள். உச்சத்தில் போய் மாறினால்தான் உடையும். மூச்சைச் சரணத்தின் கடைசி வரியில் மிச்சம் பிடிக்க வேண்டும், ஏனென்றால் பல்லவியின் ஸ்வரங்கள் நீளமானவை.

உச்சமே வேண்டாம் என்பவர்களுக்கு 2017 அன்பிளக்டு வடிவம் இருக்கிறது. நார்வேயின் கிஸ்கே தீவில் பதிவானது. வேகத்தைக் குறைத்து, துள்ளலை எடுத்துவிட்டு, ஏக்கமாகப் பாடியிருப்பார்கள். மெட்டுக்குள் இவ்வளவு சோகம் இருந்ததா என்று தோன்றும். எங்களுக்கு மிகவும் பிடித்த வடிவம் இதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அ-ஹா ஒரே பாட்டுக் குழுவா?

அமெரிக்காவை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். அங்கேயும் அடுத்த சிங்கிள் 20ஆம் இடம் வந்தது. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் கதையே வேறு. 1987இல் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குத் தலைப்புப் பாட்டு பாடினார்கள். அது பிரிட்டனில் 5ஆம் இடம். 1991 ஜனவரியில் ரியோவின் மரக்கானா அரங்கில் 1,98,000 பேர் கட்டணம் கொடுத்து அவர்களைக் கேட்டார்கள்.

மறுபதிப்புகள்?

ஏ1 என்ற குழு 2000இல் பாடியது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மூலப் பாட்டுக்குக் கிடைக்காத இடம் மறுபதிப்புக்குக் கிடைத்தது. பட்டியல் இடம் பாட்டின் தரத்தை அளப்பதில்லை என்பதற்கு இதைவிட எடுப்பான சான்று வேண்டாம். 2013இல் பிட்புல்லும் கிறிஸ்டினா அகிலேராவும் பாடிய ‘ஃபீல் திஸ் மொமன்ட்’ இதே கீபோர்டு மெட்டை எடுத்தாண்டது.

யூடியூபில் 100 கோடி முறை பார்க்கப்பட்டதே, அது விற்பனைக் கணக்கில் சேருமா?

2020 பிப்ரவரியில் 100 கோடியைத் தாண்டியது. 1980களின் பாட்டுக்கு இது அரிது. ஆனால் அந்த எண்ணை 150ஆல் வகுத்து “66 லட்சம் பிரதி விற்றதற்குச் சமம்” என்று எழுதுவது தவறு. அமெரிக்காவில் 150 முறை கேட்டால் ஒரு பிரதி என்று கணக்கிடுவது உண்மைதான். ஆனால் அமெரிக்காவுக்குள் கேட்டது மட்டுமே அதில் சேரும். பிரிட்டனில் கணக்கு வேறு: 2018இலிருந்து கட்டணம் செலுத்திக் கேட்டால் 100க்கு ஒன்று, இலவசமாகக் கேட்டால் 600க்கு ஒன்று. நீண்ட நாள் ஆன பாட்டுகளுக்கு இந்த விகிதம் இரட்டிப்பாகக் கடுமையாகும். யூடியூப் எண் உலகம் முழுவதற்கும் சேர்த்தது. இரண்டையும் கலக்கக் கூடாது.

பழைய பாட்டு இன்று எவ்வளவு கேட்கப்பட்டாலும் ஹாட் 100இல் அடிக்கடி தென்படாததற்கும் விதிதான் காரணம். 20 வாரம் கடந்த பாட்டு 50ஆம் இடத்துக்குக் கீழே இறங்கினால் எடுத்துவிடுவார்கள். திரும்ப வருவதற்குத் தனிக் காரணம் வேண்டும்.

ஒரு பாட்டின் பட்டியல் இடத்தைச் சரிபார்ப்பது எப்படி?

முதலில் நாட்டின் அதிகாரபூர்வப் பட்டியல் எது என்று பாருங்கள். அமெரிக்காவுக்கு பில்போர்டு, பிரிட்டனுக்கு ஆஃபிஷியல் சார்ட்ஸ், நார்வேக்கு அந்தக் காலத்தில் விஜி-லிஸ்டா. பழைய பட்டியல்களை இணையத்தில் வாரவாரியாகவே பார்க்கலாம். அடுத்து, பாடகர் பெயரில் தேடாமல் வாரத்தின் தேதியில் தேடுங்கள். மறுவெளியீடுகளைச் சில தளங்கள் ஒன்றாகச் சேர்த்துவிடுகின்றன, சில பிரித்துவிடுகின்றன. ‘டேக் ஆன் மீ’ விஷயத்தில் பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் நுழைகின்றன. 1984 வெளியீட்டின் தேதியையும் 1985இன் இடத்தையும் ஒட்டி எழுதிவிடுகிறார்கள். பில்போர்டு இதழின் தேதி கணக்கெடுத்த வாரம் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். இதழ் அச்சாவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடும். ஆகவே உண்மையான விற்பனை அந்தத் தேதிக்கு முன்னால் நடந்தது.

பழைய இசைத்தட்டு வாங்கினால் எந்தப் பதிவு என்று எப்படித் தெரியும்?

ஏழு அங்குலத் தட்டின் நடுவில் ஒட்டியுள்ள லேபிளைப் படியுங்கள். தயாரிப்பாளர் டோனி மான்ஸ்ஃபீல்ட் என்றிருந்தால் 1984 பதிவு. ஆலன் டார்னி என்றிருந்தால் எல்லோருக்கும் தெரிந்த பதிவு. 1985 தட்டின் மறுபக்கத்தில் ‘லவ் இஸ் ரீசன்’ இருக்கும். உறையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கைமாறி வரும் தட்டுகளில் உறை மாறியிருப்பது சகஜம். விற்பவர் தொலைவில் இருந்தால் உறையின் படத்தோடு லேபிளின் படத்தையும் இரு பக்கமும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 1984 தட்டு குறைவாகவே விற்றதால் விலை கூடுதலாகச் சொல்வார்கள். பாட்டைக் கேட்பதற்காக மட்டும் வாங்குபவர்களுக்கு டார்னி பதிவே போதும்.